வால்வு தைக்கக் கோயம்புத்தூர் வந்த மீன்காரி

மலேசியாவில், ஈப்போ மார்க்கெட்டில் இருபத்தெட்டு வருடமாக மீன் வெட்டி விற்கிறேன். எத்தனையோ ஆயிரம் இதயங்களைக் குடலோடு சேர்த்து வழித்து வாளியில் போட்டிருக்கிறேன். எனக்குள்ளும் ஒன்று இருக்கிறது, அது ஒழுகுகிறது என்று எங்கள் ஊர் டாக்டர் படம் காட்டிச் சொன்னபோது முதலில் கோபம்தான் வந்தது. வால்வு சரியாக மூடவில்லையாம். வெளியே போன ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி உள்ளேயே வருகிறதாம். போதாக்குறைக்கு, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனி அடிப்பக்கம் வீங்கிப் பலூனாகி நிற்கிறதாம். "வெடித்தால்?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வீங்கிய குழாயை வெட்டியெடுத்துவிட்டுத் துணிக்குழாய் வைத்தே ஆக வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. வால்வுதான் கேள்வி. என்னுடையதையே தைத்துச் சரிசெய்ய முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் உலோக வால்வு. உலோகம் வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுளுக்கும் மாத்திரை. அந்த மாத்திரை சாப்பிடுகிறவள் விரலை வெட்டிக்கொண்டால் ரத்தம் லேசில் நிற்காது. நானோ வாரத்துக்கு இரண்டு தடவையாவது விரலை வெட்டிக்கொள்கிறவள். உலோகம் என்றால் கடையை மூட வேண்டியதுதான். மாட்டுத் திசுவில் செய்த வால்வும் உண்டு என்றார் டாக்டர். ஆனால் அது சில வருடங்களில் தேய்ந்து மறுபடி நெஞ்சைப் பிளக்க வேண்டிவரும். என் வீட்டுக்காரர் மணியம் சுத்த சைவம். மீன்காரியைக் கட்டிக்கொண்டு இத்தனை காலம் தனிச் சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர். "உன் நெஞ்சுக்குள்ள மாடா?" என்று அன்று முழுவதும் புலம்பினார்.

கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் கூடுமானவரை சொந்த வால்வையே தைத்துக் கொடுத்துவிடுவார் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பெட்டி கட்டினோம்.

சனிக்கிழமை சாயங்காலம் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் பிடித்தது காற்று. ஈப்போவில் சாயங்காலம் என்றால் சட்டை முதுகில் ஒட்டும். இங்கே மலைப்பக்கமிருந்து வரும் காற்று சேலை முந்தானையைப் பறிக்கப் பார்த்தது. எங்களை அழைத்துப்போக வந்த வாடகைக் கார் ஓட்டுநரின் பெயர் பழனிச்சாமி. கருமத்தம்பட்டிக்காரர். முன்பு தறி ஓட்டியவர், இப்போது கார் ஓட்டுகிறார். என் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்கிக்கொண்டார்.

"ஏனுங்கக்கா, நீங்க ஏனுங்க தூக்கறீங்க? நானெதுக்கு இருக்கறனுங்க?"

ஒரு வாக்கியத்தில் இத்தனை 'ங்க'வை நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் மார்க்கெட்டில் மரியாதை என்றால் திட்டுவதற்கு முன்னால் 'அக்கா' சேர்ப்பதுதான்.

தங்கும் அறை சரவணம்பட்டியில். அதற்கு அரை கிலோமீட்டர் முன்னால் டயர் பஞ்சர். பழனிச்சாமி கொலைக்குற்றம் செய்தவர் போல இறங்கி நின்றார். "தப்புப் பண்ணிப்போட்டனுங்க. காலைல காத்து பாத்துட்டுத்தானுங்க எடுத்தேன். மன்னிச்சுக்குங்க." ஆணி குத்தியதற்கு அவர் என்ன செய்வார்? நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் "பரவாயில்லீங்க" என்று வந்தது. எனக்கே புதிதாக இருந்தது. அவர் டயர் மாற்றுகிற நேரத்தில் நாங்கள் சாலையோரத்தில் நின்றோம். பக்கத்துத் தள்ளுவண்டியில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் கூட்டமாக நின்று சிவப்பாக எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காளானாம். மணியம் ஒரு தட்டு வாங்கினார். பிறகு இன்னொன்று. நான் ருசி பார்த்தேன். காளானைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், மற்றதெல்லாம் முட்டைக்கோசு. ஆனாலும் நன்றாக இருந்தது. உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரை நினைத்துக்கொண்டு நான்கு வாயோடு நிறுத்தினேன்.

திங்கட்கிழமை மருத்துவமனை. இ.சி.ஜி. எடுத்த பெண் என் நெஞ்சில் வயரையெல்லாம் ஒட்டிவிட்டு, "சித்த நேரம் மூச்ச நிறுத்துங்கக்கா" என்றாள்.

"நின்னுடக் கூடாதுன்னுதாம்மா கடல் தாண்டி வந்திருக்கேன்."

அவள் சிரித்ததில் கோடு கோணலாகி மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

எனக்கு அறுவை செய்யப்போகிற டாக்டருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். அவரும் இந்த ஊர்ப்பக்கம்தான் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது. படங்களை நெடுநேரம் பார்த்தார். "தொறந்து பாத்தாத்தானுங்க முழுசா சொல்ல முடியும். மெட்டல் வால்வு பக்கத்துலயே ரெடியா இருக்கும். ஆனா மொதல்ல உங்களோடதையே தச்சுப் பாப்பமுங்கம்மா."

"தைச்சே ஆகணும் டாக்டர். நான் கத்தி பிடிக்கணும்."

"பாத்துக்கலாமுங்க" என்றார். முடியும் என்கிறாரா முடியாது என்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. இந்த ஊரில் கெட்ட செய்தியும் நல்ல செய்தியும் ஒரே உடுப்பில்தான் வருகின்றன.

அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன், புதன்கிழமை வந்து படுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதுவரை மூன்று கட்டளைகள். படி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கோபப்படக்கூடாது. முதல் இரண்டு பரவாயில்லை. மூன்றாவதற்காகத்தான் இறைவன் என்னை இந்த ஊருக்கு அனுப்பினான் போலும். யாரிடம் கோபப்படுவது? ஆட்டோவை இடிப்பது போல வந்து நிறுத்தினவன்கூட "பாத்து வாங்கம்மிணி" என்றான்.

செவ்வாய்க்கிழமை சும்மா இருக்க முடியவில்லை. மணியத்தை அறையில் தூங்கவிட்டு, பழனிச்சாமியோடு உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். கடலே இல்லாத ஊரில் மீன் எப்படியிருக்கும் என்று கேலி செய்யத்தான் போனேன். வழியெல்லாம் செய்தேன். ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் உடம்பில் இருந்த பயமெல்லாம் இறங்கிவிட்டது. ஐஸ் உருகிய தண்ணீரில் செருப்பு சளக் சளக்கென்றது. வீட்டுக்கு வந்துவிட்டேன் என்றே தோன்றியது. ஒரு பெரியவர், தொப்பியும் லுங்கியுமாக, பாறை மீன் வைத்திருந்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல சிவப்பு.

"தொழிலுங்களா?" என்றார் பெரியவர். செவுளைப் பிடித்த பிடியிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"மலேசியாவில கடை இருக்குங்க."

"அப்ப ஒரு கை பாக்கறீங்களா?" என்று கத்தியை நீட்டினார். கனம் தூக்கக்கூடாது என்றுதான் சொன்னார்கள், கத்தி தூக்கக்கூடாது என்று சொல்லவில்லை. மூன்று கிலோ பாறையை நான் துண்டு போட்டு முடித்தபோது சுற்றி ஒரு கூட்டம். "சோக்கா வெட்டறீங்கம்மா" என்றார் பெரியவர். அன்றைக்கு முழுவதும் அந்தப் பாராட்டை மணியத்திடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். உலோகம் வைத்துவிட்டால் இதுதான் நான் வெட்டிய கடைசி மீன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சாயங்காலம் முதுகில் வலி ஆரம்பித்தது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, உள்ளேயிருந்து யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல. மீன் வெட்டியதால் சுளுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சுளுக்கு இல்லை என்று உள்ளுக்குள் தெரியும். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? நிலைமை மோசம், தைப்பதற்கெல்லாம் நேரமில்லை, உலோகத்தை வைத்து மூடு என்று டாக்டர் முடிவு செய்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டேன். ஈப்போ மார்க்கெட்டில் என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

புதன்கிழமை போய்ப் படுத்தேன். காலையும் மாலையும் ஒரு நர்ஸ் வந்து, "வலி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். "இல்லீங்க." "மூச்சு வாங்குதுங்களா?" "இல்லீங்க." அவள் அத்தனை பணிவாகக் கேட்கும்போது, இருக்கிறது என்று சொல்வது அவளுக்கு வேலை வைப்பது போலவும் இருந்தது. நாலே நாளில் அந்த ஊர்க் குணம் எனக்கும் தொற்றிவிட்டது.

அன்று மதியம் ரத்த வங்கியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. பெரிய அறுவை, ரத்தம் நிறைய வேண்டியிருக்கும், எந்த வகையானாலும் சரி, ஆறு பேர் வந்து கொடுத்தால் நல்லது என்று எழுதியிருந்தது. மணியம் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த ஊரில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? மணியத்தை முதல் ஆளாக எழுதினோம். ஊசியைப் பார்த்தாலே அவர் உட்கார நாற்காலி தேடுகிறவர். மீதி ஐந்துக்கு எங்கே போவது? அந்த நேரம் பார்த்து, தூக்குப்போசியில் அரிசியும்பருப்பு சாதத்தோடு பழனிச்சாமி வந்தார். அவர் மனைவி கொடுத்தனுப்பியது. நெய் மணத்தது. மணியம் சாப்பிடச் சாப்பிடச் சீட்டைப் பற்றிச் சொன்னார்.

"ஆறு பேருதானுங்களா?" என்றார் பழனிச்சாமி, ஆறு முருங்கைக்காய் கேட்டது போல. "காலைல வந்துருவமுங்க."

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் பதினொரு பேர். பழனிச்சாமியோடு முன்பு தறிக்குடோனில் வேலை பார்த்தவர்கள். தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெளுத்த சட்டை போட்டு, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். அவர்களைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று அடம்பிடித்து, சக்கர நாற்காலியில் நானும் ரத்த வங்கிக்குப் போனேன். அவர்கள் யாருக்கும் என் பெயர்கூடத் தெரியாது. 'மலேசியா அக்கா' என்றுதான் சொல்லியிருந்தார் பழனிச்சாமி.

ரத்த வங்கியில் இருந்த நர்ஸ் ஸ்டெல்லா, சின்னப் பெண். ஒவ்வொருவரிடமும் சிரித்த முகமாக, "சாப்டாச்சுங்களா?" என்று கேட்டாள்.

"ஆச்சுங்க."

"உங்களுக்குங்க?"

"ஆச்சுங் கண்ணு."

பதினொன்றும் 'ஆச்சுங்க'. டிக் டிக்கென்று குறித்துக்கொண்டாள். முதலில் ரங்கராசு என்பவர் போய்ப் படுத்தார். இருப்பதிலேயே பெரிய ஆள், மீசையே கால் கிலோ இருக்கும். ரத்தம் கொடுத்து முடித்து, எழுந்து, என்னைப் பார்த்து, "ஒண்ணும் ஆகாதுங்கக்கா" என்று சொன்னார். சொல்லிக்கொண்டே வேரோடு சாய்ந்த தென்னை மாதிரி கீழே போனார்.

ஓடிப்போய்க் காலைத் தூக்கிப் பிடித்து, ஜூஸ் கொடுத்து, கண்ணைத் திறக்கவைத்தார்கள். ஸ்டெல்லா இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, காலைல என்ன டிபனுங்க?"

ரங்கராசு விழித்தார். பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவர் பழனிச்சாமியைப் பார்த்தார்.

"டிபன்ங்களா... அது வந்துங்க..."

விஷயம் வெளியே வந்தது. ரத்தம் சோதிக்கிறது என்றால் வெறும் வயிற்றோடுதானே வரச் சொல்வார்கள்? கொடுக்கிறதும் அப்படித்தான் என்று பழனிச்சாமி சொல்லியிருக்கிறார். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு பதினொரு பேரும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்புறம் ஏன் 'ஆச்சுங்க' என்றீர்கள் என்று நான் கேட்டேன். அத்தனை பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"சாப்டாச்சான்னு கேட்டா ஆச்சுன்னுதானுங்கக்கா சொல்லோணும்" என்றார் ரங்கராசு படுத்தபடியே. "இல்லைன்னா அவிய வேற இலையப் போடோணுமுல்லங்க."

எங்கள் ஊரில் 'பசியாறியாச்சா' என்று கேட்டால் 'இல்லை' என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவோம். ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். "என்ர தப்புங்க. நானும் இந்த ஊருதானே, கேட்ட மொறையே தப்பு. எத்தன இட்லின்னு கேட்டிருக்கோணும்." எல்லோரையும் எதிர்த்த மெஸ்ஸுக்கு விரட்டினாள். ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள், தட்டைக் காலி செய்துவிட்டு வாருங்கள் என்றாள். மணியமும் அவர்களோடு போனார். ரங்கராசு மட்டும் போக முடியாமல் அங்கேயே படுத்திருந்தார்.

நான் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு. சிரித்துக்கொண்டிருக்கும்போதே முதுகில் அந்தக் கட்டைவிரல் அழுத்தியது. சிரிப்பு பாதியில் நின்றுபோனது. எதிரே அந்தப் பெரிய மனிதர் கிடக்கிறார். பெயர் தெரியாத எனக்காகப் பட்டினி கிடந்து, பணிவாகப் பொய் சொல்லி, விழுந்து கிடக்கிறார். நான் நேற்றிலிருந்து வேளாவேளைக்குச் சொல்லும் 'இல்லீங்க'வுக்கும் இவர் சொன்ன 'ஆச்சுங்க'வுக்கும் என்ன வித்தியாசம்? அவர் தரையில் விழுந்தார். நான் விழுந்தால் எழுந்திருக்கமாட்டேன்.

"ஸ்டெல்லா" என்றேன். "முதுகு வலிக்குதும்மா. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து."

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அதன்பிறகு நடந்ததெல்லாம் வேகம். வேகத்திலும் 'ங்க' மட்டும் குறையவில்லை. "சித்த வழி விடுங்க", "லிப்ட்ட நிறுத்துங்க", "அசையாதீங்கம்மா" என்று சொல்லிச் சொல்லித் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் வந்தார். குழாய் கிழியவில்லை, ஆனால் வந்த அன்று இருந்ததைவிடப் பெருத்திருக்கிறது, சுவர் மெலிந்திருக்கிறது என்றார். "திங்கக்கெழம வரைக்கும் வேண்டாமுங்கம்மா. இன்னிக்கே பண்ணிரலாமுங்க."

"தைப்பீங்களா?"

"பாத்துக்கலாமுங்க."

ஏன் இதை முன்னாலேயே சொல்லவில்லை என்று மணியம் கேட்டார். திட்டவில்லை, அழுதார். ரத்தம் கொடுத்த கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அவர் மயங்கி விழவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவரைப் பார்த்து நான் பெருமைப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று. தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது, சாப்பிட்டுவிட்டு வந்த தறிக்காரர்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு எந்த நாள் என்று தெரியாது. கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய், மேலே வெள்ளை விளக்கு. உயிரோடு இருக்கிறேன் என்பது புரிந்தது. அடுத்த நொடியே, என்னுடையதா உலோகமா என்ற கேள்விதான். பேச முடியாது. கையைத் தூக்கி நெஞ்சைக் காட்டினேன்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்றாள் நர்ஸ். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கத்தியால் வெட்டுவது போலக் கையை ஆட்டிக் காட்டினேன். இனி வெட்டலாமா என்று கேட்டேன்.

"மீனுங்களா?" என்றாள் அவள், கண்கள் விரிய. "இப்பத்திக்கு தண்ணிகூட குடுக்க முடியாதுங்கக்கா!"

கோபம் வந்தது. தலைமாட்டு இயந்திரம் கத்தியது. இரண்டு பேர் ஓடிவந்தார்கள். கோபப்படக்கூடாது என்ற கட்டளையை இந்த ஊரில் நான் மீறியது அந்த ஒரு தடவைதான்.

குழாயை எடுத்த பிறகு டாக்டர் வந்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. கட்டிலோரமாக நின்றார். என் குரல் கட்டைக் குரலாக வந்தது.

"யாரோடது?"

"உங்களோடதேதானுங்கம்மா."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் போகவில்லை.

"ஒண்ணு சொல்லோணுமுங்க. மொதல்வாட்டி தச்சு, இதயத்த ஓடவிட்டுப் பாத்தா கசிவு நிக்கலீங்க. நேரம் ஆயிட்டே இருக்குது. மெட்டல் வால்வ எடுங்கன்னு நானே சொல்லிப்போட்டேன். அவங்களும் பிரிச்சு எடுத்துக் குடுத்துட்டாங்க."

"அப்புறம்?"

"மயக்க மருந்து குடுக்கறப்ப உங்க கையப் புடிச்சிட்டு நின்னேனுங்க. விரலு முழுசும் வெட்டுத் தழும்பு. அந்த விரலு ஞாபகம் வந்துருச்சுங்க." சொல்லக் கூச்சப்படுகிறவர் போல என் தலைமாட்டு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நானும் கத்தி புடிச்சுப் பொழைக்கறவந்தானுங்களே. மறுக்கா ஒருவாட்டி இதயத்த நிறுத்தி, தையலப் பிரிச்சு, மொதல்லேர்ந்து தச்சேனுங்க. கசிவு நின்னுருச்சுங்க."

எனக்குக் கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அழக்கூடாது, குலுங்கினால் நெஞ்செலும்பு வலிக்கும் என்றார் டாக்டர். வலித்தது. நன்றாகவே வலித்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.